கீழ் சிலிண்டர்

“சம்பந்தி வீட்டுக்குப் போறப்ப யாராவது கம்ப்ரஷன் கேஜைத் தூக்கிட்டுப் போவாங்களாக்கா?” என்று தம்பி கேட்டான்.

“நான் போவேன்,” என்றாள் அக்கா.

பேச்சு அத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தம்பி விடுகிற மாதிரி இல்லை. அவளுடைய பட்டறை வாசலில் நின்றுகொண்டு சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொன்னான். பெண்ணைக் கொடுத்தவர், வயதில் பெரியவர். இனிக் கடலுக்குப் போவதில்லை என்று முடிவு செய்ததும், தன் படகு மோட்டாரை வெளியாளுக்கு விற்காமல் மாப்பிள்ளைக்கே தருகிறேன் என்று தானாக முன்வந்தவர். அதுவும் பாதி விலைக்கு. அப்பேர்ப்பட்ட மனிதரின் கொல்லையில் போய் நின்று, ப்ளக்கைக் கழற்றி, சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கிற அந்தக் கேஜை மாட்டிச் சோதித்தால், ‘நீ யோக்கியனா என்று பார்க்க வந்திருக்கிறோம்’ என்று முகத்துக்கு நேரே சொல்வதாகாதா?

“எனக்குப் பொண்ணு கேட்டுப் போனப்பகூட நாம இவ்வளவு கேள்வி கேக்கலையேக்கா.”

“உன் பொண்டாட்டியை நம்பிப் பதினோரு பேரு ஆத்துல இறங்கலடா.”

பதினோரு பேர் என்றதும் தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான். அந்த எண்ணை அக்கா இந்த ஒரு மாதத்தில் நூறு தடவையாவது அவன் முகத்தில் விட்டெறிந்திருப்பாள். எறியட்டுமே, அவளுக்கு அந்த உரிமை உண்டு. அந்தப் பதினோரு பேரில் ஒருத்தி அவளுடைய மகள்.

ஆறு கடலில் சேர்கிற இடத்துக்குச் சற்று மேலே தம்பி படகு ஓட்டுகிறான். இந்தக் கரையில் வீடுகள், அந்தக் கரையில் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் மீன் பதப்படுத்தும் கம்பெனியும். படகில் போனால் ஐந்து நிமிடம்; பாலத்தைச் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் போனால் ஒன்றரை மணி நேரம். போன மாதம் ஒரு காலையில், நீர் வற்றுகிற நேரம், ஆறு முழு வேகத்தில் கடலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தபோது நட்டாற்றில் மோட்டார் நின்றுவிட்டது. கயிற்றை இழுத்து இழுத்துத் தம்பியின் உள்ளங்கை கிழிந்ததுதான் மிச்சம். படகு பக்கவாட்டில் திரும்பி, அலை உடைகிற இடத்தைப் பார்த்துப் போய்க்கொண்டே இருந்தது. வலை இழுத்துவிட்டுத் திரும்பி வந்த ஒரு புண்ணியவான் கயிறு வீசியிராவிட்டால் அந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

மகள் அன்று வீட்டுக்கு வந்து அழவில்லை. நனைந்த புத்தகங்களை எடுத்துத் தரையில் வரிசையாக வைத்து, ஒவ்வொரு பக்கமாகப் பிரித்து ஃபேனைப் போட்டுக் காயவைத்தாள். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற அக்காவுக்கு வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. ஏனென்றால் செத்துப்போன அந்த மோட்டாரையும் தம்பி பழசாகத்தான் வாங்கியிருந்தான். அவளிடம் காட்டாமல் வாங்கினான். கேட்டதற்கு, “ஒரே இழுப்புல ஸ்டார்ட் ஆச்சுக்கா, அதான்,” என்றான். ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆனதாம்! சுடுதண்ணீர் ஊற்றிச் சூடாக்கி வைத்தால் ஓட்டை உடைசல்கூட ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆகும்.

ஊரில் அவளைப் பம்பு அக்கா என்பார்கள். தண்ணீர் பம்பு, ஜெனரேட்டர், மோட்டார் சைக்கிள், எது நின்றுபோனாலும் அவள் பட்டறைக்குத்தான் வரும். சொந்தப் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. மூக்குக்கு மேல் வரும் கோபத்தை எல்லாருக்கும் தெரியும். அந்தக் கோபத்தின் மேல் ஊருக்கு ஒரு மரியாதையும் இருந்தது. ஒரு எஞ்சின் நல்லது என்று பம்பு அக்கா சொன்னால் அது நல்லது. தேறாது என்றால் தேறாது. அவளை யாரும் வாயடைக்க முடியாது, விலைக்கும் வாங்க முடியாது.

அதனால்தான், அந்தச் சம்பவத்துக்குப் பிறகு தம்பியின் படகில் ஏற மறுத்துப் பஸ்ஸுக்குப் போனவர்கள் ஒரே குரலில் ஒன்று சொன்னார்கள்: “வேற மோட்டார் மாட்டு. உங்க அக்கா பாத்து சரின்னு சொல்லட்டும். ஏறுறோம்.” படகுத்துறைச் சங்கத்துக்காரர்களும் தங்கள் பங்குக்குக் கெடு வைத்தார்கள். வருகிற திங்கட்கிழமைக்குள் படகு ஓடாவிட்டால் துறையில் படகு ஓட்டுகிற உரிமை வேறொருவனுக்குப் போய்விடும். தம்பிக்குத் தெரிந்த ஒரே தொழில் அதுதான்.

இன்று சனிக்கிழமை.

“சரி, உன் இஷ்டம்,” என்று கடைசியில் தம்பி இறங்கிவந்தான். “ஆனா நான் ஒரு மணி நேரம் முன்னாடி போறேன். எடுத்த எடுப்புல நீ கேஜோட போய் நின்னா அவருக்கு ஒரு மாதிரி ஆயிடும். பக்குவமா சொல்லி வைக்கிறேன். நீ நாலு மணிக்கு வா.”

அதில் ஒரு நியாயம் இருந்தது. அக்கா தலையாட்டினாள்.

“ப்ளக் ஸ்பேனரை நானே எடுத்துட்டுப் போறேன். நீ எதுக்கு எல்லாத்தையும் சுமக்கற?”

அவனே பட்டறையின் பின்பக்கம் போய்த் தேடி எடுத்துக்கொண்டு வந்தான். ஒரு ஸ்பேனர் எடுக்க அவ்வளவு நேரம் ஆகாது. ஆனால் அக்கா அப்போது ஒரு பம்பின் வயிற்றுக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தாள், கவனிக்கவில்லை.

நாலு மணிக்குப் போனாள். தம்பியின் மாமனார் வீட்டுக் கொல்லையில், தகரக் கூரைக்குக் கீழே மரச் சட்டத்தில் மோட்டாரை மாட்டியிருந்தார்கள். இரண்டு சிலிண்டர், பதினாலு வருடத்து மோட்டார். பெயின்ட் உரிந்த இடமெல்லாம் உப்புப் பூத்திருந்தது. பக்கத்தில் தண்ணீர் நிரப்பிய ட்ரம். தம்பி தன் படகின் பெட்ரோல் டேங்க்கைக்கூடக் கொண்டுவந்து வைத்திருந்தான். சோதனை முடிந்த கையோடு தூக்கிக்கொண்டு போகிற அவசரம் அவனுக்கு. மோட்டாரின் தலை வானத்தைப் பார்க்கும்படி யாரோ மேலே சாய்த்து வைத்திருந்தார்கள். அதை அக்கா பார்த்தாள். ஏன் என்று யோசிக்காமல் நிமிர்த்தி நேராக்கினாள்.

மாமனார் உயரமான மனிதர், அதிகம் பேசாதவர். தூண்டில் நரம்பு அறுத்த தழும்புகள் இரண்டு கைகளிலும் குறுக்கும் நெடுக்குமாக இருந்தன. கேஜைக் கண்டு அவர் முகம் சுளிப்பார் என்று அக்கா எதிர்பார்த்து, அதற்குப் பதிலும் தயாராக வைத்திருந்தாள். அவரோ, “பாரும்மா, தாராளமா பாரு. பாக்காம எடுக்கறதுதான் தப்பு,” என்றார். பிறகு, “மாப்பிள்ளை எல்லாத்தையும் உன்கிட்ட சொன்னாருல்ல?” என்று ஆரம்பித்தார்.

“சொல்லிட்டேன் மாமா, எல்லாம் சொல்லிட்டேன்,” என்று தம்பி இடையில் விழுந்தான். “அக்கா, டீ குடிச்சிட்டுப் பாக்கறியா?”

“பாத்துட்டுக் குடிக்கிறேன்.”

தம்பியின் மனைவி டீக் கோப்பையோடு வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். தன் அப்பாவின் பொருளை நாத்தனார் சோதிப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. அது அவள் நின்ற நிற்பிலேயே தெரிந்தது. தெரியட்டும்.

அக்கா மோட்டார் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். குளிர்ந்துதான் இருந்தது. முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்து ஏமாற்றவில்லை. மூடியைக் கழற்றினாள். இரண்டு ப்ளக்கையும் தம்பி முந்திக்கொண்டு கழற்றி, துணியில் துடைத்து, வரிசையாக வைத்தான். கையாளாக இவ்வளவு சுறுசுறுப்பாக அவனை அவள் பார்த்ததே இல்லை. ப்ளக் வயர்களை எஞ்சின் உடம்போடு சேர்த்துக் கட்டினாள், நெருப்புப் பொறி பறக்காமல் இருக்க. காற்று தாராளமாக உள்ளே போகும்படி ஆக்ஸிலரேட்டரை முழுசாகத் திறந்து பிடிக்கச் சொன்னாள். மேல் சிலிண்டரின் ப்ளக் ஓட்டையில் கேஜைத் திருகினாள்.

கயிற்றைப் பிடித்து இழுத்தாள். முள் எண்பதுக்கு எகிறியது. இன்னொரு இழுப்பு, நூறு. ஐந்தாவது இழுப்பில் நூற்றுப் பன்னிரண்டில் போய் நின்றுவிட்டது. அதற்கு மேல் ஏறவில்லை.

“மோசமில்ல,” என்றாள்.

கீழ் சிலிண்டர். முதல் இழுப்பிலேயே முள் தொண்ணூறைத் தாண்டியது. ஐந்தாவதில் நூற்றுப் பதினெட்டு.

தம்பி மூச்சை விட்ட சத்தம் எல்லாருக்கும் கேட்டது. “பாத்தியாக்கா? பாத்தியா? நான்தான் சொன்னேன்ல!” வாசற்படியில் நின்றவள் முகமும் தெளிந்தது. ஏன், அக்காவுக்கே நெஞ்சில் ஏதோ கட்டவிழ்ந்தது போலிருந்தது. இரண்டு சிலிண்டருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. திங்கட்கிழமை மகள் படகில் போகலாம். விடியற்காலையில் எழுந்து, பஸ்ஸில் கூட்டத்தில் நசுங்கி, பாதித் தூக்கத்தில் பள்ளிக்கூடம் போய்ச்சேர வேண்டாம்.

மாமனார் மட்டும் புருவத்தைச் சுருக்கினார். “கீழயா நூத்துப் பதினெட்டு?” என்றார். அவர் வியந்ததை அக்கா நடிப்பு என்று எடுத்துக்கொண்டது கொஞ்ச நேரம் கழித்துத்தான்.

ஏனென்றால் கேஜைக் கழற்றும்போது அவள் விரல் வழுக்கியது.

கேஜின் திருகு மரையில் எண்ணெய். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒட்டிப் பிரித்துப் பார்த்தாள், இடையில் நூல் இழுத்தது. பெட்ரோலில் கலக்கிற எண்ணெய் இப்படி நூல் இழுக்காது. மூக்கருகே கொண்டுபோனாள். அழுகின முட்டை மாதிரி ஒரு நாற்றம். கியர் ஆயில். புரொப்பெல்லர் பக்கத்துப் பல்சக்கரங்களுக்கு ஊற்றுகிற கெட்டி எண்ணெய்க்கு சிலிண்டருக்குள் என்ன வேலை?

என்ன வேலை என்று அவளுக்குத் தெரியாதா? சிலிண்டருக்குள் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் தேய்ந்துவிட்டால் இடுக்கு வழியாகக் காற்று கசியும், கேஜில் முள் ஏறாது. அந்த இடுக்கில் ஒரு ஸ்பூன் கெட்டி எண்ணெயை விட்டால் கொஞ்ச நேரத்துக்கு அடைத்துக்கொள்ளும். செத்த சிலிண்டர் கேஜில் உயிரோடு இருக்கும். எண்ணெய் எரிந்ததும் பழையபடி செத்துப்போகும். நட்டாற்றில்.

உடம்பெல்லாம் பற்றி எரிந்தது அவளுக்கு.

“பெரியவராச்சேன்னு வாயைப் பொத்திக்கிட்டு வந்தேன்,” என்றாள் மாமனாரைப் பார்த்து. ஆரம்பத்தில் குரல் தணிந்துதான் இருந்தது. “என் தலையிலயே மிளகாய் அரைக்கப் பாத்தீங்கல்ல? பதினாலு வருஷம் உப்புத் தண்ணியில ஓடின மோட்டாரு, கீழ் சிலிண்டர் மட்டும் புதுசு மாதிரி நிக்குமா? கியர் ஆயிலை ஊத்தி வச்சுட்டு, ‘பாரும்மா, தாராளமா பாரு’ன்னு வேற சொல்றீங்க! என்ன தைரியம் உங்களுக்கு?”

“என்னம்மா சொல்ற? நான் எதையும்...”

“பேசாதீங்க! வெளியாளு செஞ்சா ஏமாத்துன்னு சொல்லிட்டுப் போயிடலாம். உங்க மாப்பிள்ளைதானே இதை ஓட்டப் போறான்? ஆத்து நடுவுல நின்னா முதல்ல போறது யாரு? உங்க பொண்ணு பொழப்பைப் பத்திக்கூடவா யோசிக்கல? பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க ஏறுற படகு அது! இதை ஊத்தின கையாலயே சோறு சாப்பிட்டீங்களே, எப்படி ஐயா தொண்டையில இறங்குச்சு?”

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். பக்கத்து வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது. அதற்காகவும் அவள் குரலைக் குறைக்கவில்லை. இன்னும் ஓர் ஆள் கேட்கட்டும் என்றிருந்தது. டீக் கோப்பை வாசற்படியில் விழுந்து உடைந்தது. “அண்ணி, எங்கப்பாவை இப்படிப் பேசாதீங்க அண்ணி,” என்று தம்பியின் மனைவி அழ ஆரம்பித்தாள். மாமனார் பேயறைந்தவர் போல நின்றார். வாழ்நாளில் யாரும் அவரை அப்படிப் பேசியிருக்க மாட்டார்கள்.

தம்பி வந்து அக்காவின் கையைப் பிடித்தான். “போதும்க்கா. வா போலாம். இதுக்குத்தான் வேணாம்னு சொன்னேன். வா.”

“எங்க போறது? ட்ரம்மை இப்படி இழு. ஓட்டிக் காட்டிட்டுத்தான் போவேன்.”

“வேணாம்க்கா.”

“இழுடா!”

சட்டத்தோடு மோட்டாரை நகர்த்தி அதன் காலை ட்ரம் தண்ணீரில் இறக்கினார்கள். ப்ளக்கை அவளே மாட்டினாள். டேங்க்கின் குழாயை மாட்டினாள். ஏழு முறை இழுத்த பிறகு மோட்டார் இருமிக்கொண்டு எழுந்தது. புகை என்றால் சாதாரணப் புகை இல்லை. கொல்லை முழுக்க வெள்ளையாக மூடிக்கொண்டு, எதிரே நின்ற தம்பியே கண்ணுக்குத் தெரியவில்லை. அந்த நாற்றத்தில் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அக்கா பொத்திக்கொள்ளவில்லை. கால் மணி நேரம் மோட்டார் பக்கத்திலேயே நின்றாள். புகை மெல்ல மெல்லக் குறைந்து, கடைசியில் நின்றது. உள்ளே இருந்ததெல்லாம் எரிந்து தீர்ந்துவிட்டது.

மோட்டாரை நிறுத்தினாள். ப்ளக் சுட்டது, துணியைச் சுற்றிக் கழற்றினாள். மேல் சிலிண்டர், நூற்றுப் பதிமூன்று. கீழ் சிலிண்டரில் கேஜைத் திருகி ஐந்து முறை இழுத்தாள். ஆறாவது, ஏழாவது என்று கோபத்தில் சேர்த்தே இழுத்தாள். முள் அறுபத்திரண்டில் நின்றது. அதற்கு மேல் ஒரு கோடுகூட நகரவில்லை.

“இப்ப வந்து பாருங்க,” என்றாள். “கண்ணாடியைப் போட்டுக்கிட்டு நல்லாப் பாருங்க. இதுக்கு என்ன சொல்றீங்க?”

மாமனார் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். அவருக்கு அவசரம் இல்லை.

“அறுபத்திரண்டு,” என்றார். “ஆறு மாசம் முன்னாடி மெக்கானிக் பாத்தப்ப அறுபத்தஞ்சு இருந்துச்சு. இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கு.”

அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. “தெரிஞ்சேவா...”

“தெரிஞ்சதைத்தானேம்மா மாப்பிள்ளைகிட்ட சொன்னேன். கீழ் சிலிண்டர் போச்சு, சிலிண்டரைக் கடைஞ்சு புது பிஸ்டன் போடணும், அது வரைக்கும் ஆளு ஏத்துற படகுல இதை மாட்டவே கூடாதுன்னு படிச்சுப் படிச்சு சொன்னேன். அதனாலதானே பாதி விலை. உங்க அக்காகிட்ட குடுத்தா அவங்களே கடைஞ்சு தருவாங்கன்னுகூட சொன்னேன்.” கண்ணாடியைக் கழற்றினார். “மோட்டாரைத் தொட்டே ஆறு மாசம் ஆச்சு. கியர் ஆயில் இந்த வீட்ல ஒரு சொட்டு கிடையாது. வேணும்னா தேடிப் பாத்துக்க.”

அக்கா மெதுவாகத் திரும்பினாள். தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை. ப்ளக் ஸ்பேனரை இன்னும் கையில் வைத்திருந்தான், கீழே வைக்கத் தெரியாதவன் மாதிரி. அந்த ஸ்பேனர் அவளுடைய பட்டறையின் பின்பக்கத்து அலமாரியில் இருந்தது. அதே அலமாரியில், ஸ்பேனருக்குப் பக்கத்தில், கியர் ஆயில் டின். ஊற்றின எண்ணெய் வெளியே வழியாமல் உள்ளே இறங்குவதற்காக மேலே சாய்த்து வைத்த மோட்டார். முந்திக்கொண்டு கழற்றித் துடைத்த ப்ளக். அவளுக்கு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மோட்டாரைப் பார்த்தவள், பக்கத்தில் நின்றவனைப் பார்க்கவில்லை.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. அதுதான் அவளை அறைந்தது. இரண்டு வருடம் முன்பு, எல்லாரும் அவள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ஜெனரேட்டர் விற்க வந்த ஒரு பலே ஆசாமியின் கதையை அவளே சொன்னாள். ஒரு ஸ்பூன் ஊற்றினால் கேஜே ஏமாந்துபோகும் என்று சொல்லிச் சிரித்தாள். தம்பிதான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தான். தொழிலைப் பற்றி அவள் அவனிடம் எத்தனையோ சொல்லியிருக்கிறாள். அவன் மறக்காமல் முடிந்து வைத்துக்கொண்டது இந்த ஒன்றைத்தான்.

“நீயா?” என்றாள்.

“அக்கா, திங்கக்கிழமைக்குள்ள...”

“நீயாடா?”

“துறை போயிடும்க்கா! வேற மோட்டாருக்கு நான் எங்க போவேன்? ரெண்டு மாசம், ரெண்டே மாசம் ஓட்டிட்டு உன்கிட்டயே கொண்டுவந்து கடையச் சொல்லலாம்னு இருந்தேன். அஞ்சு நிமிஷப் பயணம்க்கா. அஞ்சு நிமிஷம் தாங்காதா?”

“அன்னைக்கும் அஞ்சு நிமிஷம்தான்.”

“நீ சரின்னு சொன்னாத்தான் ஏறுவோம்னு எல்லாரும் ஒத்தக்கால்ல நிக்கிறாங்க. நீ ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும். உன் பொண்ணை நீ ஏத்திவிட்டுட்டா, மத்தவங்களும் பிள்ளைங்களை ஏத்திவிட்டுடுவாங்க. அதான்...”

அவன் பாதியில் நிறுத்திக்கொண்டான். சொன்னது தன் காதிலேயே விழுந்திருக்க வேண்டும்.

அக்காவுக்குத் திட்ட வரவில்லை. சற்றுமுன் ஒரு நிரபராதி மேல் வாய்க்கு வந்தபடி கொட்டியவளுக்கு, குற்றவாளி முன்னால் ஒரு வசவுகூடக் கிடைக்கவில்லை. அவளுடைய கேஜ், அவளுடைய எண்ணெய், அவளுடைய பேச்சு, அவளுடைய மகள். நாலையும் அவளிடமிருந்தே எடுத்து அவளையே ஏமாற்றியிருக்கிறான். மகளைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு தெருவெல்லாம் சுற்றிய தாய்மாமன். ஏமாற்றுக்காரனாக இருந்தால்கூட மன்னித்திருப்பாள். நடந்தது மறுபடி நடக்காது என்று நம்புகிற முட்டாளாக இருக்கிறான், அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

மாமனார் பக்கம் திரும்பினாள். மன்னிப்புக் கேட்டுப் பழகிய வாய் இல்லை அது.

“மாமா, நான் பேசினது தப்பு. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கணும்.”

“விடும்மா,” என்றார் அவர். ஆனால் விட்டுவிட்டவர் குரல் இல்லை அது. கண்ணாடியைப் பையில் வைக்கப் போய் இரண்டு தடவை தவறவிட்டார். “என்னைப் பேசினதை விடு. உண்மையைச் சொன்னவனைத் திருடன்னு சொல்லும்போது, மாப்பிள்ளை பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டிருந்தாரு பாரு. அதை நான் எப்படி விடறதுன்னு தெரியல.” அதைச் சொல்லும்போது மகளைப் பார்த்தார். மகள் அழுகையை நிறுத்திவிட்டுப் புருஷனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா கேஜைத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள்.

“திங்கக்கிழமை காலையில ஏழரைக்குத் துறைக்கு வா,” என்றாள் தம்பியிடம்.

“எதுக்குக்கா?”

“வா.”

திங்கட்கிழமை ஏழரை மணிக்குத் துறையில் கூட்டம் நின்றது. மோட்டார் வந்துவிட்டதாம், பம்பு அக்கா சோதித்துவிட்டாளாம் என்று எப்படியோ சேதி பரவி, பஸ்ஸுக்குப் போகிறவர்கள்கூட இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். கம்பெனிக்குப் போகிற பெண்கள், கையில் ஃபைலோடு ஆஸ்பத்திரிக்குப் போகிற ஒரு கிழவர், பள்ளிக்கூடப் பிள்ளைகள். துறைச் சங்கத்துத் தலைவரும் வந்திருந்தார். படகு கட்டிய இடத்திலேயே கிடந்தது, பின்னால் மோட்டார் இல்லாமல். அதன் பக்கத்தில் தம்பி நின்றான். வராமல் இருந்துவிடுவான் என்று அக்கா நினைத்திருந்தாள். வந்துவிட்டான், அதற்காக அவள் மனம் ஒன்றும் இளகவில்லை.

அவள் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். மகள் தோளில் பை. பைக்குள் அந்தப் புத்தகங்கள், நனைந்து காய்ந்ததில் உப்பிப்போய் மூட முடியாமல்.

“அக்கா பாத்தாச்சா?” என்று தலைவர் கேட்டார்.

“பாத்தாச்சு. அவன் சொல்லுவான்.”

எல்லாரும் தம்பியைப் பார்த்தார்கள். அவன் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டான். அன்று கயிறு கிழித்த தழும்பு இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது.

“மேல் சிலிண்டர் நூத்துப் பதிமூணு,” என்றான். “கீழ அறுபத்திரண்டு.”

“எங்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் என்னப்பா தெரியும்?” என்றார் கிழவர். “ஏறலாமா கூடாதா? அதைச் சொல்லு.”

தம்பி அக்காவைப் பார்த்தான். சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டு, நீ சொல்லிக் காப்பாற்று என்று பார்ப்பானே, அதே பார்வை. எத்தனையோ தடவை காப்பாற்றியிருக்கிறாள். இந்தத் தடவை உதட்டைக்கூட அசைக்கவில்லை.

“ஏறக் கூடாது,” என்றான் தம்பி. “அது தாங்காது. தெரிஞ்சும் நான்தான் எண்ணெயை ஊத்தி மறைச்சேன். அக்கா கண்டுபிடிச்சுட்டாங்க.”

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. யாரோ கெட்ட வார்த்தை சொன்னார்கள். தலைவர் வேறொரு படகுக்காரனுக்கு ஃபோன் போடத் திரும்பிவிட்டார். தம்பியின் மானம் அந்தத் துறையிலிருந்தே கப்பலேறியது. இதற்காகத்தான் அக்கா இரண்டு இரவாகக் காத்திருந்தாள். இதைக் கேட்டால் ஆறும் என்று நினைத்திருந்தாள்.

அப்போதுதான் மகள் அவள் கையை விட்டுவிட்டு இரண்டடி முன்னால் போனாள்.

“மாமா,” என்றாள். “அன்னைக்கு மாதிரி ஆகும்னு தெரியுமா உங்களுக்கு?”

தம்பி குனிந்து அவள் உயரத்துக்கு வந்தான். ஏதோ சமாதானம் சொல்லத்தான் குனிந்தான்.

“ஆகாதுன்னு நினைச்சேன்மா.”

“நானும் இருப்பேன்னு தெரியும்ல?”

“தெரியும்,” என்றான்.

மகள் பின்னால் நகர்ந்து வந்து அம்மாவின் கையை மறுபடி பிடித்துக்கொண்டாள். இந்தத் தடவை இரண்டு கையாலும் பிடித்தாள்.

ஏழே முக்கால் பஸ் போய்விட்டிருக்கும். அடுத்தது எட்டேகாலுக்கு. இருவரும் நிறுத்தத்தை நோக்கி நடந்தார்கள், பின்னால் மற்றவர்களும். “அக்கா!” என்று துறையிலிருந்து ஒரு முறை கூப்பிட்ட குரல் கேட்டது. பம்பு அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்குக் கோபம் இன்னும் இறங்கவில்லை, இறங்குகிற வழியும் தெரியவில்லை. பையை மகளின் தோளிலிருந்து வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.